பர்மா முனை 1944: சவுக்குத் தோப்பு ஆட்டத்துக்கான டம்மிப் பொருள்கள்

சவுக்குத்தோப்பு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில், வருகிற தை மாதம், 1944-ஆம் ஆண்டு இம்பால் போரை அடிப்படையாகக் கொண்ட ஏர்சாஃப்ட் ஆட்டம் (சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு) ஒன்றை நடத்த இருக்கிறோம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, மறுபக்கம் இந்திய தேசிய இராணுவம். பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். சுடுகின்ற துப்பாக்கிகள் மைதானத்துக்காரருக்குச் சொந்தமானவை. அவற்றை அவரே கொண்டுவந்து, அவரே திரும்ப எடுத்துச் செல்வார். ஆகவே இங்கே நான் கேட்க விரும்புவது மற்ற எல்லாவற்றையும் பற்றி: காவல் நிற்பவரின் தோளில் தொங்கும் சுடாத துப்பாக்கி, கையெறி குண்டு, தோட்டாப் பட்டை, எண்ணெய் டின், மணல் மூட்டை, வரைபடம்.

சென்ற முறை நாங்கள் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குச் செய்த டம்மி கையில் எடுத்தால் காற்றாக இருக்கிறது என்று குறைப்பட்டு, எடை கூட்டுவதற்காகக் குழலுக்குப் பதில் அரை அங்குல ஜி.ஐ. இரும்பு பைப்பை உள்ளே செலுத்தினோம். தூக்கிப் பார்த்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள். ஆட்டத்தின் முதல் மணி நேரத்திலேயே, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடியவர் சவுக்கு வேரில் தடுக்கித் திரும்ப, பின்னால் வந்தவரின் புருவத்தில் பைப்பின் வாய் இடித்தது. மூன்று தையல். கண் தப்பியது. அந்தத் துப்பாக்கியைச் செய்தவன் நான்தான்.

அடிபட்டவர் இந்த ஆண்டும் வருகிறார் என்பதால், அவர் முகத்தைப் பார்த்துப் பேசும்படியான பொருள்களைச் செய்ய வேண்டும். ஆலோசனை சொல்லுங்கள்.

பாரிமுனை_தச்சர்

தம்பி, பைப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எடை எங்கே உட்கார வேண்டும் என்று யோசிக்காமல் முனையில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை. அந்த லீ-என்ஃபீல்டின் அசலான எஸ்.எம்.எல்.ஈ. துப்பாக்கியின் நீளம் 1,132 மி.மீ., எடை சுமார் 4 கிலோ. நீங்கள் 4 கிலோவை எட்டவே வேண்டாம். ஒன்றே முக்கால் கிலோ போதும். ஆனால் அது முழுவதும் இடது கை பிடிக்கும் இடத்துக்கும் விசைக்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் முன்கட்டையின் உட்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, தைத்த துணிப்பையில் ஆற்று மணலை நிரப்பி வைத்து, மேலே பட்டி போட்டு மூடிவிடுங்கள். விழுந்தால் மணல் உள்ளேயே புரண்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும்; எதிரே இருப்பவர் மேல் பாயாது. இரும்புக்கு அந்தக் குணம் கிடையாது.

குழலுக்கு மின் கம்பி செலுத்தும் 20 மி.மீ. பி.வி.சி. கண்டியூட் போதுமானது. இந்தத் துப்பாக்கியின் மூக்கு சப்பையானது. மரக்கட்டை கடைசி வரை ஓடி, உலோக மூக்குமூடியுடன் முடிந்துவிடும், குழல் வெளியே நீட்டுவது மிகக் குறைவு. இது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அந்த மூக்குமூடி முழுவதையும் ஈ.வி.ஏ. ஃபோமில் செதுக்கி, கண்டியூட்டை அதற்கு நான்கு விரற்கடை முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். பெரியமேட்டில் செருப்புத் தைப்பவர்களுக்கான சரக்கு விற்கும் கடைகளில் அடிப்பாகத் தகடு என்று கேட்டால் கிடைக்கும். கட்டை விரலால் அழுத்தினால் குழிந்து, விட்டவுடன் எழும்பி வர வேண்டும். அழுத்தமே வாங்காத கெட்டித் தகட்டை வாங்காதீர்கள்.

மரத்துக்குத் துறைமுகச் சரக்குப் பெட்டிகளின் பைன் பலகை நல்லது. இலேசானது, செதுக்க இதமானது. ஆனால் பலகையில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடு காட்டிப் பூச்சி போக்கிய மரம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைச் சீவி, தூளை மூச்சில் இழுக்க வேண்டாம், தொடாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அசலில் பின்கட்டையும் முன்கட்டையும் ஒரே மரமல்ல. நடுவில் உலோகக் குதை ஒன்று இருக்கும். பின்கட்டையை அதில் செருகி, உள்ளே நீண்ட போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். நாமும் அதே இடத்தில் இரண்டாகச் செய்து, மரக் குச்சியும் சிறகு நட்டும் வைத்துப் பொருத்தினால், தோற்றமும் அசலுக்கு ஒத்துவரும், கொண்டுபோகவும் சுலபம். கிரிக்கெட் மட்டையின் நீளம் விதிப்படி 38 அங்குலத்தைத் தாண்டாது, துப்பாக்கியோ நாற்பத்து நாலரை. மட்டைப் பையில் முழுதாக வைத்தால் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாகக் கழற்றினால் உள்ளே அடங்கிவிடும்.

புதியவன்

தச்சர் ஐயாவுக்கு நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். இந்திய தேசிய இராணுவத்துக்கு ஜப்பானியத் துப்பாக்கி அல்லவா செய்ய வேண்டும்? மற்றொன்று, கையெறி குண்டில் சத்தம் வர வேண்டுமென்று எனக்கு ஆசை. தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் நிறைய மிச்சமிருக்கிறது. அந்த மருந்தைச் சுரண்டிச் சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்தால் விழும்போது வெடிக்குமா?

செட்_உதவியாளர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் இன்றிரவே செய்து பார்க்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். செய்யாதீர்கள். அந்த மருந்துக்கு நெருப்பே வேண்டாம், உரசலே போதும். காகிதத்தில் கடுகளவு புள்ளியாக இருக்கும்வரை அது விளையாட்டுப் பொருள். சுரண்டிச் சேர்க்கத் தொடங்கிய நொடியில், சுரண்டுகிற நகமே அதைப் பற்றவைக்கக்கூடும். கோடம்பாக்கத்தில் இருபது ஆண்டுகளாக செட் வேலை பார்க்கிறேன். விரல் குறைந்த கையுடன் தேநீர்க் கிளாஸைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெடிக்கு அங்கே தனி ஆள், தனி அனுமதி, தனி வண்டி உண்டு. நாங்களே அதைத் தொடுவதில்லை. மிச்சமிருக்கும் கேப்பை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, அதன் பிறகு இங்கே வந்து எழுதுங்கள்.

சத்தம் வேண்டுமென்றால் நடுவர் கையில் ஒரு காலி டின்னும் ஒரு கட்டையும் கொடுங்கள். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து அவர் டின்னில் ஓங்கி ஒரு போடு போட்டால், பத்தடி சுற்றளவில் நிற்பவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். தோப்புக்குள் அந்த ஓசை நெஞ்சில் இடிக்கும். நாடக மேடையில் இடியோசையைத் தகரத்தில்தான் எழுப்பினார்கள்.

குண்டின் உடலுக்கு வருவோம். பிரிட்டிஷ் படையின் 36-ஆம் எண் மில்ஸ் குண்டின் எடை சுமார் 765 கிராம். கிட்டத்தட்ட ஐந்து கிரிக்கெட் பந்துகளின் எடை. தலையில் விழுந்தால் வெடிக்காமலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் அதன் விட்டம் 61 மி.மீ.தான், தெருக் கிரிக்கெட் டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறியது, உயரம் மட்டும் 95 மி.மீ. மெத்தை தைக்கும் கடையில் அடர்த்தியான ஸ்பாஞ்சு துண்டு வாங்கி, கத்தரியால் நார்த்தங்காய் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாக இருக்கும் வரிகளைச் சூடான கம்பியால் இழுக்காதீர்கள், புகை கெடுதல். கத்தரி முனையாலேயே கிள்ளி எடுக்கலாம். பிறகு ரப்பர் பாலைத் தண்ணீரில் கரைத்து, கருப்புச் சாயம் கலந்து, மூன்று பூச்சு. நெம்புகோலுக்கு ஃபோம் பட்டை. இழுக்கும் வளையத்துக்கு இரும்பு வேண்டாம், ஓடும்போது விரல் மாட்டிக்கொள்ளும்; குழாய்க்கடையில் விற்கும் ரப்பர் ஓ-ரிங் போதும். எறிவது எப்போதும் கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழேயிருந்து.

உங்கள் முதல் கேள்விக்கு விடை எளிது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கையில் சிக்கிய பிரிட்டிஷ் ஆயுதங்களைத்தான் இந்திய தேசிய இராணுவத்துக்குப் பெரும்பாலும் கொடுத்தார்கள். ஆகவே இரு தரப்புக்கும் அதே லீ-என்ஃபீல்டு பொருந்தும். தச்சர் சொன்ன ஒரே அச்சில் இருபத்து நான்கையும் செய்துவிடலாம். நமக்கு வேலை மிச்சம், வரலாற்றுக்கும் பழுதில்லை.

புதியவன்

வாளியில் போட்டுவிட்டேன் அண்ணா. அம்மாவும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

கண்மருத்துவ_மாணவி

புருவத் தையல் என்று படித்ததால் எழுதுகிறேன். நீங்கள் டம்மிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆனால் அந்த டம்மிகளுடன் திரிபவர்கள் மேல் மைதானத்துக்காரரின் துப்பாக்கியிலிருந்து குண்டு வரத்தானே செய்யும்? 0.2 கிராம் எடையுள்ள 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 1 ஜூல். கண்ணாடியின் சட்டத்தில் பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 166-இல், எஃப் என்ற குறிக்கு 0.86 கிராம் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். கணக்குப் போட்டால் 0.87 ஜூல்தான் வருகிறது. நம் குண்டையே அது எட்டவில்லை. பி என்ற குறிக்கு அதே குண்டு 120 மீட்டர் வேகத்தில், அதாவது 6 ஜூலுக்கு மேல். ஆகவே பி குறி இருந்தால் மட்டும் அணியுங்கள். வெல்டிங் கடையில் தொங்கும் குறியில்லாத கண்ணாடி, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடி, காலத்துக்குப் பொருந்துகிறது என்று யாராவது கொண்டுவரும் அசல் கண்ணாடி வில்லை, இவை மூன்றுமே வேண்டாம். உடையும் கண்ணாடியால் வரும் காயம், கண்ணாடியே இல்லாமல் வரும் காயத்தைவிட மோசமாகிவிடக்கூடும்.

சென்னையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வியர்வையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தவுடன், துடைப்பதற்காக நெற்றிக்குத் தூக்குவார்கள். அடி படுவது அந்த நேரத்தில்தான். கம்பி வலைக் கண்ணாடியில் ஆவி படியாது என்பது உண்மைதான், ஆனால் உடையக்கூடிய மலிவான குண்டின் சில்லு வலைக்குள் புகுந்துவிடும். காற்றுத் துளையுள்ள இரட்டை வில்லைக் கண்ணாடி வாங்கி, காலத்தோற்றம் வேண்டுமென்றால் பட்டையின் மேல் காக்கித் துணியைச் சுற்றித் தையுங்கள். கண்ணாடியைத் தூக்க வேண்டியவர் முதலில் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

காக்கிநூல்

உடையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இம்பால் காலத்தில் பிரிட்டிஷ் தரப்பின் பதினான்காம் படை காட்டுப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. பச்சைச் சீருடை வந்து சேராத இடங்களில் இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கி உடுத்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பழைய காக்கி. ஆகவே உங்கள் இரு அணிகளையும் பிரித்துக்காட்டக் கைப்பட்டை எதுவும் வேண்டாம். பச்சை ஓரணி, காக்கி ஓரணி. சாயம் ஒரே சீராக ஏறாமல் திட்டுத்திட்டாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அதுவே சரி.

இடுப்புப் பட்டைக்கு நைலான் வாங்கினால் பத்தடி தூரத்திலேயே மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். நாடாக் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவை வாங்குங்கள். 1937 மாதிரி இடுப்புப் பட்டையின் அகலம் இரண்டேகால் அங்குலம். கட்டில் நாடாவும் ஏறக்குறைய அதே அகலத்தில் கிடைக்கிறது. இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, கஞ்சி போட்டு, முல்தானி மெட்டியும் மஞ்சள் காவியும் குழைத்துத் தேய்த்தேன். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, கட்டிலை எதற்காகப் பிரித்தாய் என்று கேட்டார்.

தோட்டாப் பட்டையைச் செய்ய ஒரு தோட்டாகூட வேண்டியதில்லை. அசல் பருத்திப் பட்டையில் ஐந்து பைகள், பைக்கு இரண்டு கிளிப், கிளிப்புக்கு ஐந்து தோட்டா, ஆக ஐம்பது. பைகள் மூடியே இருக்கும். உள்ளே தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்தால் அந்தப் புடைப்பு வந்துவிடுகிறது. சுட்டு முடித்த அசல் கூடுகளைப் பழைய இரும்புக் கடையில் தேடிப்போகாதீர்கள். காலிக்கூடு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். வழியில் பையைத் திறந்து பார்ப்பவருக்குத் தெரியாது. துப்பாக்கிக் கத்திக்கும் அப்படித்தான். உறையும் கைப்பிடியும் மட்டும் செய்து, கைப்பிடியை உறையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். உருவ முடியாது. உருவ முடியாத கத்தியால் யாரும் யாரையும் குத்தப் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். இந்த உடையில் வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள், தோப்பில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு, படையில் இல்லாதவர் அந்த உடையை ஒத்த உடையணிவதைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நமக்கு அந்த நோக்கம் இல்லை, அது எண்பதாண்டு பழைய சீருடை, எல்லாம் சரி. ஆனால் அதை நடுரோட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் யாருக்கு இருக்கிறது?

அச்சு_இயந்திரன்

முப்பரிமாண அச்சில் எடுத்தால் விசைக்கூண்டு, குறிபார்க்கும் தகடு, பத்துத் தோட்டா பிடிக்கும் கூண்டு எல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் வரும். மரத்தோடு இவ்வளவு போராடுவதற்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை.

பாரிமுனை_தச்சர்

பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில்தானே எடுக்கிறீர்கள்? அது ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வைத்துப் பாருங்கள், குறிபார்க்கும் தகடு வாடிய கீரைத்தண்டு போல வளைந்திருக்கும். என் மகன் செய்து காட்டினான், அதனால் சொல்கிறேன். வெயிலைவிடப் பெரிய குறை, உடைந்தால் அது கூரிய சில்லாக உடைகிறது என்பது. மரம் நார் விட்டுப் பிளக்கும், ஃபோம் கிழியும். விழுந்து எழும் ஆட்டத்தில் எது எப்படி உடைகிறது என்று பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அச்சு_இயந்திரன்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அச்சில் எடுத்ததை மூலமாக வைத்து, சிலிக்கோன் வார்ப்பு எடுத்து, நெகிழும் ரப்பரில் ஊற்றினால் உங்கள் குறையும் தீரும், என் மில்லிமீட்டரும் நிற்கும். விசைக்கூண்டை மட்டும் நான் அப்படிச் செய்து தருகிறேன், இருபத்து நான்கும்.

பாரிமுனை_தச்சர்

அப்படியானால் வாருங்கள் தம்பி. பட்டறையில் மேசை ஒன்று காலியாக இருக்கிறது.

செட்_உதவியாளர்

நீங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டதால் என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இந்த இழையில் பாதிக்கு மேல் துப்பாக்கி. செட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர் துப்பாக்கியைக் கடைசியில்தான் கையில் எடுப்பார். கண் முதலில் போவது ஆள் சாய்ந்திருக்கும் மூட்டைக்கும் அவன் தண்ணீர் குடிக்கும் டின்னுக்கும். அவை சரியாக இருந்துவிட்டால் தோளில் கிடப்பது தென்னை மட்டையாக இருந்தாலும் கண் துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்ளும். அவை பொய்யாக இருந்தால் அசலையே கொண்டுவந்து வைத்தாலும் பொம்மைதான். அசலைப் போல இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையில் முக்கால் பங்கை யாரையும் காயப்படுத்த முடியாத இந்தப் பொருள்கள் மேல் இறக்கிவையுங்கள்.

டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நான்கு காலன் சதுர டின்னில் வந்தன. நான்கு காலன் என்றால் சுமார் 18 லிட்டர். வட ஆப்பிரிக்காவில் அந்த மெல்லிய டின்கள் ஒழுகி ஒழுகியே பெருமளவு எரிபொருள் வீணாகி, பிரிட்டிஷார் ஜெர்மானியரின் 20 லிட்டர் ஜெர்ரி கேனைப் பார்த்துத் தாங்களும் அதைப் போலச் செய்துகொண்டார்கள். இன்றைக்கு நம் உணவகங்களின் பின்வாசலில் காலியாகக் கிடக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னைப் பாருங்கள். அதே சதுரம், ஏறக்குறைய அதே உயரம். நல்லெண்ணெய் டின்னாக இருந்தால் சோடா உப்பு போட்டு இரண்டு முறை கொதிநீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு விடாது. வெட்டிய வாயை அப்படியே விடாமல் குறடால் உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்த பிறகே கையிலிருந்து இறக்குங்கள். அதன் பிறகு சாக்லேட் பழுப்பு அடித்து, மூலைகளில் மட்டும் உப்புத்தாள் போட்டால் அடியிலிருந்து தகரம் எட்டிப் பார்க்கும். தேய்மானம் கை படும் இடத்திலும் தரை படும் இடத்திலும்தான் வரும். சிலர் நடு வயிற்றில் தேய்த்துவிட்டு, பழையது போல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை, பூனை பிறாண்டியது போல் இருக்கிறது.

மணல் மூட்டைக்குச் சணல் சாக்கேதான் வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் வெள்ளையாகத் தெரியும். முழுவதும் மணல் என்றால் தூக்குகிறவர் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அடியில் கால் பங்கு மணல், மேலே தென்னை நார்க்கழிவு. தோப்பில் குவிந்து கிடக்கும் சவுக்குச் சருகை நிரப்பலாமே என்று தோன்றும். ஒரு பீடித் துண்டு போதும், அரண் முழுவதும் பற்றிக்கொள்ளும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவீர்கள் என்று நினைக்கிறேன், அழகாகத்தான் இருக்கும். ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகப் பற்றும். பலருக்கு இது கட்டுக்கதை போலத் தெரிகிறது. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். ஃபோம் ஒட்டும் பசையைச் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்போ சாமி விளக்கோ எரியாத இடத்தில் பூசுங்கள். அதே பசையும் ஸ்பிரே பெயிண்டும் தெர்மாகோலில் பட்டால் அது கண்ணெதிரே கரைந்து குழிந்துவிடும். முதலில் ஃபெவிகாலைத் தண்ணீரில் இளக்கி இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். உலோகப் பளபளப்புக்குக் கறுப்பு மட் பெயிண்டின் மேல் பென்சில் கரியைத் தூளாக்கித் துணியால் தேய்த்தால் போதும். வெள்ளி பெயிண்ட் அடித்தால் கோயில் வேல் போல ஆகிவிடும்.

மாம்பலம்_பயணி

கொண்டுபோகும் வழியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொண்டவன் நான். சென்ற முறை எனக்குக் கொடுத்த மரத் துப்பாக்கியைப் பழைய லுங்கியில் சுற்றி, கடற்கரை வழித்தட மின்சார இரயிலில் ஏறினேன். கூட்டத்தில் லுங்கி நழுவி விசைக்கூண்டு வெளியே தெரிந்தது. யாரும் கத்தவில்லை, என்னைச் சுற்றி மட்டும் மெதுவாக ஓர் இடம் காலியானது. அடுத்த நிலையத்தில் இரண்டு காவலர்கள் பெட்டிக்குள் ஏறினார்கள். மரம் என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. எனக்கு எதிரே கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம்தான் இன்னும் மறக்கவில்லை.

தோப்பில் இருபத்து நான்கு பேருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் வாயில் செம்மஞ்சள் நிறம் பூசுகிறார்கள். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அசலைப் போன்ற போலிகளின் விற்பனையையே கட்டுப்படுத்தி, வரலாற்று நிகழ்த்துநர்கள் போன்றோருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. நாமும் ஃபோம் மூக்குமூடிக்கு மேல் ஒரு செம்மஞ்சள் துணி உறையை மாட்டி, தோப்புக்குள் நடுவர் சொன்ன பிறகே கழற்றலாம். தச்சர் சொன்னபடி இரண்டாகக் கழற்றி, மட்டைப் பையில் வைத்து, பைகள் எல்லாவற்றையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். இரயிலும் வேண்டாம், மெட்ரோவும் வேண்டாம். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நாள், இடம், ஆள் எண்ணிக்கை, பொருள்களின் படம் எல்லாம் சேர்த்துக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காக்கிநூல்

கடிதம் எழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மலாயா_பேரன்

நான் ஆட வரவில்லை, முட்டி வலி. ஆனால் வரைபடமும் காகிதங்களும் என் பொறுப்பு. என் தாத்தா மலாயாவில் இரப்பர்த் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஜப்பானியர் மலாயாவில் அச்சிட்ட பத்து டாலர் வாழைமர நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. பர்மாவுக்கு அவர்கள் ரூபாய்க் கணக்கில் தனி நோட்டு அச்சிட்டார்கள் என்பதால், மலாயா நோட்டை ஒருவர் சட்டைப்பையில் நினைவுப் பொருளாக மட்டும் வைக்கலாம். அசலைக் கொடுக்க மாட்டேன். ஒருபுறம் மட்டும் அச்சிட்ட நகல் தருகிறேன்.

வரைபடத்துக்கு அந்நாளைய இந்திய நில அளவைத் துறையின் கால் அங்குல வரிசையின் அளவைப் பின்பற்றுகிறேன். ஒரு மைலுக்குக் கால் அங்குலம், அதாவது 1:2,53,440. தோப்பின் ஓடையையும் பம்பு செட்டையும் வேறு ஓர் அளவில் கையால் வரைந்து இணைத்துவிடுவேன். பழுப்பேற்றுவதற்குச் சென்ற வாரம் ஃபில்டர் காபி டிகாக்ஷனில் தோய்த்தேன். நிறம் அருமை, ஆனால் சிக்கரியின் பிசுபிசுப்பில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேயிலைத் தூளை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டியதே சரி. தோய்ப்பதற்கு முன் மடித்துவிடுங்கள்; மடிப்பில் சாறு அதிகம் இறங்கி, பலமுறை பிரித்துப் பார்த்த தாளைப் போலவே ஆகிவிடுகிறது. கட்டளைகளை ரோமன் எழுத்தில் இந்துஸ்தானியில் எழுதுகிறேன். இரு படைகளிலும் அதுவே வழக்கம். ஒரே ஒரு கடிதத்தை மட்டும் தமிழில் எழுதி, காவல் நிற்பவரின் பையில் வைக்க விரும்புகிறேன். அதை யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சவுக்குத்தோப்பு

நேற்றுத் தோப்பில் முன்னோட்டம் பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மரத் துப்பாக்கி நான்கு, ஸ்பாஞ்சு குண்டு பத்து, டின் ஆறு, மூட்டை முப்பது. ஃபோம் மூக்குமூடியை என் நெற்றியில் நானே மூன்று முறை இடித்துப் பார்த்தேன். பிறகு புருவத்தில் தையல் போட்டவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை நான்காவது முறை இடித்தார், சற்று வேகமாகவே. வலிக்கவில்லை என்று சொன்னேன். அது பெரும்பாலும் உண்மை.

குறைகளும் உண்டு. துப்பாக்கி ஒன்றில் மணல் பையின் தையல் விட்டு, ஓடுகிற இடமெல்லாம் மணல் கொட்டியது. இரட்டைத் தையல் வேண்டும். ரப்பர் பூசிய குண்டுகள் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முகப் பவுடர் தூவிய பிறகு சரியானது. நார்க்கழிவு பனியில் ஈரம் உறிஞ்சி, காலையில் மூட்டை இருமடங்கு கனத்தது. ஆகவே இரவே அடுக்கிவைக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

ஆனால் மாலை ஐந்து மணிக்கு, மூட்டை அரணுக்குப் பின்னால் இரண்டு பேர் பச்சைச் சட்டையில் உட்கார்ந்து, அந்தச் சதுர டின்னிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர்களுடைய துப்பாக்கிகள் இன்னும் வேனில், செம்மஞ்சள் உறையோடு பைக்குள்ளேயே இருந்தன. அவை அங்கே இல்லை என்பது எனக்குச் சிறிது நேரம் தோன்றவே இல்லை. செட்_உதவியாளர் அண்ணாவுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், இங்கேயே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறையில் பெட்டிகளுக்கு எழுத்துத் தகடு (ஸ்டென்சில்) வெட்டுகிறோம். பழைய எக்ஸ்ரே படச்சுருள் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், தகடு வெட்ட அதைவிட நல்ல பொருள் கிடையாது. கத்தி பிடிக்கும் கைக்குத் தச்சர் ஐயா தோல் உறை வைத்திருக்கிறார்; மறு கைக்கு வேண்டியதை நீங்களே எடுத்துவர வேண்டும்.